அப்பாவின் கீழுதடு மூன்று வருடமாக உரிகிறது: பனியா, வெயிலா?

பனிமலை மகள்

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். இப்போது நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்குக் கீழே இருக்கும் துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் போடுகிறார். விடிந்தால் அங்கே போவார், இருட்டினால்தான் வீட்டுக்கு வருவார்.

மூன்று வருடமாக அவருடைய கீழுதடு உரிகிறது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வெடித்தது, பிறகு வருடம் முழுக்க. இப்போது உதட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு, தொட்டால் சொரசொரப்பு. அதைப் பல்லால் கடித்து உரித்துவிடுவார். நாலு நாளில் அதே இடத்தில் திரும்ப வந்துவிடும். வலி இல்லை என்கிறார். ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சத்துக் குறைவு என்று விற்றமின் குளிசை கொடுத்தார்கள். ஆறு மாதம் குடித்தும் மாற்றம் இல்லை. வெற்றிலை போடுவார், புகையிலை சேர்ப்பதில்லை. முன்பு பீடி குடித்தார், விட்டு எட்டு வருடம்.

போன கிழமை அவருக்கு முகச்சவரம் செய்துவிடும்போது ஒன்றைக் கவனித்தேன். உதடு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பழைய கல்யாணப் படத்தில் அந்தக் கோடு கீறினதுபோல் தெளிவாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா?

ஊவாக்காரன்

தங்கச்சி, தையும் மாசியும் வந்தால் நம் பக்கம் யாருக்குத்தான் உதடு வெடிக்காமல் இருக்கிறது? என் அம்மா இரவில் தொப்புளில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவார், உதட்டில் பசுநெய் பூசுவார். ஒரு கிழமையில் ஆறிவிடும். பயப்பட வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடினாலும் உதடு வெந்துபோகும். முதலில் அதை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்டி பல்வைத்தியர்

அக்கா, நேரில் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு சும்மா கடந்துபோகவும் முடியவில்லை.

பனிவெடிப்பு பெரும்பாலும் இரண்டு உதட்டிலும் வரும், பனி போனால் போய்விடும். அண்ணா சொன்னதுபோல் உதட்டில் நெய் பூசுவது அதற்குச் சரி. அப்பாவுக்குக் கீழுதட்டில் மட்டும், ஒரே இடத்தில், வருடக்கணக்காக, உரித்தாலும் திரும்ப வருகிற சொரசொரத் திட்டு. உதட்டுக் கோடும் அழிந்திருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க வெளிவேலை. இத்தனையும் சேர்ந்தால் நாங்கள் முதலில் நினைப்பது வெயிலால் வரும் உதட்டுச் சிதைவை. ஆக்டினிக் கைலைட்டிஸ் என்பது மருத்துவப் பெயர். இது புற்றுநோய் ஆகிவிடவில்லை, ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. எல்லோருக்கும் மாறுவதில்லை. யாருக்கு மாறும் என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் காட்ட வேண்டும் என்கிறேன்.

ஏன் கீழுதடு என்றால், அது சற்றே மேல்நோக்கி மலர்ந்து வெயிலை ஏந்திக்கொண்டு இருக்கிறது. மேலுதட்டுக்கு மூக்கின் நிழல் உண்டு, ஆண்களுக்கு மீசையும் உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் தோல் மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பி இல்லை, கருநிறமியும் முகத்தில் இருக்கும் அளவுக்கு இல்லை. உதட்டில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை கீழுதட்டில்தான் வருகின்றன.

குளிரான ஊரில் வெயில் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் கொழும்புக் கடற்கரையில் நிற்பவரைவிட உங்கள் அப்பாவுக்குத்தான் அந்தக் கதிர் கூடுதலாகப் படுகிறது. காற்று குளிர்வதால் அவருக்குச் சுடுவதில்லை, அதனால் நிழல் தேடுவதுமில்லை. மெல்லிய முகில் மறைத்தாலும் கதிரின் பெரும்பங்கு இறங்கிவிடும். பனி விழுந்த காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்குமே, அந்த நாட்களின் நடுப்பகல் வெயில் சாதாரணமானது இல்லை.

பழைய டிஸ்பென்சரி

மகள், நான் தோட்ட டிஸ்பென்சரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன். தம்பி சொல்வதைத் தட்டாதே.

மனதில் கிடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளில் ஒரு கங்காணி கீழுதட்டில் சிறு புண்ணோடு வந்தார். மிளகளவு இருக்கும், ஓரம் கொஞ்சம் தடித்திருந்தது. சுருட்டுச் சூடு பட்டது என்றார், நானும் நம்பினேன். ஊதா மருந்து பூசி அனுப்பினேன். காய்ந்த மாதிரி இருக்கும், பொருக்கு விழும், திரும்ப ஈரமாகும். இப்படியே எட்டு மாதம் அவர் வந்தார், நான் பூசினேன். ஒருநாள் துண்டை எடுத்துத் தாடைக்குக் கீழே காட்டினார், அங்கே நெல்லிக்காய் அளவில் கட்டி. அப்புறம்தான் கண்டிக்கு அனுப்பினேன். உதட்டில் பாதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் போய்விட்டார். முதல் மாதமே அனுப்பியிருந்தால் அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருப்பார் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வாயிலோ உதட்டிலோ எந்தப் புண்ணானாலும் மூன்று வாரம். அதற்குள் ஆறவில்லை என்றால் துண்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். வலி இல்லை என்று சொன்னால் இன்னும் அவசரமாக அனுப்புவேன். ஆரம்பத்தில் இது வலிக்காது.

ஹட்டன் இளைஞன்

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நாம் கறுப்பு. தோட்டத்தில் நூற்றுக்கணக்கான பேர் காலமெல்லாம் வெயிலில் நிற்கிறார்கள், எல்லோருக்கும் வந்துவிட்டதா? பாவம், அந்த அக்காவை வீணாகப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது.

கண்டி பல்வைத்தியர்

தம்பி, நீங்கள் கேட்டதில் பாதி சரி. நம் தோலில் மெலனின் கூட, அது நல்ல குடை. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் வெள்ளையரைவிடப் பலமடங்கு குறைவு. ஆனால் அந்தக் குடை உதட்டின் சிவந்த பகுதியில் கிழிந்த குடை. அதோடு பீடியும் வெற்றிலையும் சேர்ந்தால் உதட்டுக்கு இரண்டு பக்கமும் அடி.

வேறொன்றும் இருக்கிறது. கருநிறத் தோலுக்கு வரும் மெலனோமா என்ற கொடிய வகை பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாடகர் பொப் மார்லி 1981இல் தன் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்துக்கு அடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். எனவே வெறுங்காலோடு மலை ஏறுகிறவர்கள் மாதம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிறது, நிறம் ஒரே சீராக இல்லை, அல்லது நகத்தில் கறுப்புக் கோடு நாளுக்கு நாள் அகலமாகிறது என்றால் காட்டுங்கள்.

எனக்கு வராது என்ற நம்பிக்கையால் நம் ஆட்கள் பிந்தி வருகிறார்கள். பிந்தி வருவதால்தான் இறக்கிறார்கள்.

பழைய டிஸ்பென்சரி

இதோடு தீக்காயத் தழும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்து அடுப்பில் சிறு வயதில் சுட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இருபது முப்பது வருடம் கழித்து அந்தத் தழும்பு தானாக வெடித்துப் புண்ணாகி ஆறாமல் கிடந்தால் அதைச் சும்மா விடக்கூடாது. அட்டை கடித்துச் சொறிந்து வருடக்கணக்கில் ஆறாத கால் புண்ணும் அப்படித்தான். கறுப்புத் தோலில் செதிள் உயிரணுப் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வகை அடிக்கடி தொடங்கும் இடம் இந்தப் பழைய தழும்பும் புண்ணும்தான்.

கொழுந்துக் கூடை

நான் கொழுந்து எடுக்கிறவள். நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான். அகலமான தொப்பி போடச் சொல்வது நல்லதுதான். ஆனால் கூடைக் கயிறு தலையில்தானே மாட்டுகிறோம்? கயிற்றுக்கு மேல் தொப்பி நிற்காது, கயிற்றுக்குக் கீழே போட்டால் நசுங்கும். துணியை மடித்துத் தலையில் போடுகிறோம், அது கயிறு அறுக்காமல் இருக்க. முகத்துக்கு நிழல் தராது.

அப்புறம் கிளினிக். கண்டிக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் இல்லை. அரைப்பேருக்கே, அரைநாள் சம்பளத்துக்கே, எடை குறைந்தால் கணக்கில் இழுபறி. புண் வலிக்கவும் இல்லை என்றால் யார் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவார்கள்? இதையும் யோசித்துத்தான் பேச வேண்டும்.

வெற்றிலை பற்றியும் கேட்கிறேன். புகையிலை இல்லாமல் போட்டால் பரவாயில்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே?

கண்டி பல்வைத்தியர்

அம்மா, முதலில் வெற்றிலை. பரவாயில்லை என்பது தவறு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் வகுப்பில்தான் வைத்திருக்கிறது. புகையிலை சேர்த்தால் இன்னும் மோசம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதற்குப் பெரிய காரணம் இந்த வெற்றிலைப் பையும் புகையும் மதுவும்தான்.

தொப்பி பற்றி நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் துண்டுப் பிரசுரங்களில் தொப்பிப் படம்தான் இருக்கும், கூடைக் கயிறு இருக்காது. தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் நாலு விரல் நீட்டி மடித்து, அதற்குமேல் கயிற்றை மாட்டிப் பாருங்கள். முழு நிழல் வராது, கொஞ்சமாவது வரும். மிச்சத்துக்கு உதட்டில் பூச்சுதான் வழி. கூடைக்குப் பதில் பை கட்டும் தோட்டங்களில் தொப்பி போடத் தடை இல்லை. ஆண்கள் போடும் முன்மடல் தொப்பியை நம்ப வேண்டாம், அது நெற்றியைத்தான் காக்கும். சுற்றிலும் மூன்று அங்குலமாவது மடல் வேண்டும்.

சம்பளம் போவதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு வழி தெரியும். முதலில் கிட்ட இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். அங்கே பார்த்துவிட்டுத் தேவையானால் மட்டும் கடிதம் கொடுத்து மேலே அனுப்புவார்கள். வீணாகக் கண்டிக்கு ஓட வேண்டியிருக்காது. உதட்டுக்கு எதற்குப் பல் டொக்டர் என்று பலர் கேட்பார்கள், வாய்க்கும் உதட்டுக்கும் நாங்கள்தான். வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவை ஓஎம்எப் கிளினிக் என்பார்கள். பேராதனை பல் போதனா வைத்தியசாலை இதற்குப் பெயர்போன இடம். அரசாங்கத்தில் காசு இல்லை.

பதுளை பார்மசி அக்கா

பூச்சு பற்றி நான் சொல்கிறேன், தினமும் இதைத்தான் விற்கிறேன். வஸ்லின், தேங்காயெண்ணெய், நெய் எல்லாம் உதட்டை ஈரமாக வைக்கும், வெயிலைத் தடுக்காது. உதட்டுத் தைலம் வாங்கும்போது டப்பாவில் வெயில் தடுக்கும் அளவான எஸ்பிஎப் 30 அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாசனையும் நிறமும் போட்டு எஸ்பிஎப் இல்லாமல் வருவதை வாங்கிப் பயன் இல்லை. வெயிலுக்குப் போகக் கால்மணி முன்பு பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். தேத்தண்ணி குடித்தாலும் சோறு சாப்பிட்டாலும் போய்விடும். அதற்கு வசதி இல்லாதவர்கள் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3 மணி வரைக்கும் முடிந்த வேலையை நிழலில் செய்யுங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழுந்தால் வெயில் கடுமை என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரைக்கு முன்னும் பின்னும் நமக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அப்போது இன்னும் கவனம்.

பனிமலை மகள், அப்பா பிரஷருக்குக் குளிசை குடிக்கிறாரா? ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க் குளிசையை நெடுநாள் குடிப்பவர்களுக்கு உதட்டுப் புற்றுநோய் கூடுதலாக வருவதை டென்மார்க் ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்காகத் தானாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறினால் அது வேறு ஆபத்து. டொக்டரிடம் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள், மாற்றுக் குளிசைகள் நிறைய உண்டு.

பனிமலை மகள்

குடிக்கிறார் அக்கா! கொப்பியில் அதே பெயர்தான் இருக்கிறது, ஒன்பது வருடமாக. கட்டாயம் கேட்கிறேன்.

ஆனால் அப்பா போக மறுக்கிறார். சதையை வெட்டிப் பார்ப்பார்கள், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார். பக்கத்து லயத்தில் ஒருவர் அப்படித்தான் வெட்டிய பிறகு செத்தாராம்.

பழைய டிஸ்பென்சரி

மகள், அவரிடம் இப்படிச் சொல். வெட்டிய பிறகு செத்தவர் வெட்டியதால் சாகவில்லை. கத்தி வைக்கும்போதே நோய் முற்றியிருந்தது. முற்றிய பிறகே நம் ஆட்கள் போவதால் ஊரில் எல்லோரும் கத்திக்குப் பின்னால் வரும் சாவைத்தான் பார்த்திருக்கிறார்கள். சீக்கிரம் போய்ப் பிழைத்தவர் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை.

கண்டி பல்வைத்தியர்

ஐயா சொன்னதுதான். துண்டெடுத்துச் சோதிப்பதால் பரவாது. மரக்க ஊசி போட்டு நெல்மணி அளவு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல். அரைமணி வேலை. ஒரு நாள் காரம் சாப்பிட முடியாது, அவ்வளவுதான்.

போகும் வரைக்கும் வீட்டில் ஒன்று செய்யுங்கள் அக்கா. காலையில் வெற்றிலை போடுவதற்கு முன் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். வெற்றிலைக் கறை இருந்தால் வெள்ளையும் தெரியாது, சிவப்பும் தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவில் உதட்டைப் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். பட்டாணிபோல் கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா, பொருக்குக்குக் கீழே இரத்தம் கசிகிறதா, தாடைக்குக் கீழே கட்டி இருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாளே பஸ் ஏறுங்கள். கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள், டொக்டருக்கு உதவும். உரித்துக் கடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

தலவாக்கலை தங்கை

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் தம்பிக்கு 14 வயது, உதட்டில் வெள்ளையாக இரண்டு இடம். உரிவதில்லை, சொரசொரப்பும் இல்லை, வழுவழுப்பாகச் சுண்ணாம்பு தடவினதுபோல். கைவிரல் நுனியிலும் இருக்கிறது. இதுவும் அதுவா?

கண்டி பல்வைத்தியர்

தங்கச்சி, விரல் நுனியிலும் இருப்பதால் வெண்புள்ளியாக இருக்கலாம். அது தொற்றாது, புற்றுநோயும் அல்ல. தோல் கிளினிக்கில் காட்டுங்கள். நிறமி இல்லாத இடம் சீக்கிரம் வெந்துவிடும், அதனால் அவருக்கும் பூச்சு வேண்டும். பிறவியிலேயே உடல் முழுக்க வெள்ளையாகப் பிறந்த பிள்ளைகள் யார் வீட்டிலாவது இருந்தால் அவர்களைத்தான் எல்லோரையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடியவர்கள் அவர்கள்.

பனிமலை மகள்

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கங்காணியின் கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டார்.

நாங்கள் போன இடத்தில் நல்லபடியாகப் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் துண்டெடுத்தார்கள். முடிவு வரப் பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் நான் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை. உயிரணுக்கள் மாறத் தொடங்கிவிட்டன, நடுத்தர நிலையில் இருக்கின்றன என்றார் டொக்டர். விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, ஆனால் வந்தது நல்லது என்றார்.

களிம்பு பூசிச் செல்களை அழிக்கும் முறை, திரவ நைதரசனால் உறைய வைக்கும் முறை, லேசர் எல்லாம் இருக்கிறதாம். அப்பாவுக்குத் திட்டு பரந்திருப்பதால் உதட்டின் சிவந்த மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, உள்பக்கச் சவ்வை முன்னால் இழுத்துத் தைத்தார்கள். உதடு கொஞ்சம் மெல்லிசாகத் தெரிகிறது. பேசுவதில், சாப்பிடுவதில் குறை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் குளிசையை மாற்றிவிட்டார்கள். வெற்றிலையை இன்னும் முழுசாக விடவில்லை, அதுதான் இப்போது எங்கள் வீட்டுச் சண்டை.

ஊவாக்காரன்

தங்கச்சி, நெய் பூசச் சொன்னவன் நான்தான். நீங்கள் என் பேச்சைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று. என் பெரியப்பாவுக்கும் இதேபோல் இருக்கிறது, வருகிற செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.

கண்டி பல்வைத்தியர்

சந்தோஷம் அக்கா. புற்றுநோயாகவே இருந்திருந்தாலும், உதட்டோடு நிற்கும்போது பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள் என்பதுதான் அமெரிக்கக் கணக்கு. கழுத்துக்கு இறங்கிய பிறகு அந்தக் கணக்கு விழுந்துவிடும். மூன்று மாதக் கிளினிக்கைத் தவற விடாதீர்கள். அந்த உதட்டுக்கு இனியும் நிழல் வேண்டும்.

கொழுந்துக் கூடை

தம்பி சொன்ன மாதிரி துணியை நீட்டி மடித்துக் கட்டிப் பார்த்தேன். முதல் நாள் கண்ணை மறைத்தது, இப்போது பழகிவிட்டது. கொழுந்து நிறுக்க நிற்கும்போது எங்களோடு கொழுந்து எடுக்கும் எட்டுப் பேர் மாறி மாறி வாயைத் திறந்து பார்த்தோம். உதட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒருத்திக்கு மட்டும் கன்னத்துக்கு உள்ளே, வெற்றிலை அடக்கும் பக்கம், வெள்ளையாகத் தடித்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை. அவளுக்கு 43 வயது, மூன்று பிள்ளைகள். தனியாகப் போகப் பயப்படுகிறாள். வியாழக்கிழமை நானும் பேரை விட்டுவிட்டு அவளோடு போகிறேன். கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரியில் பல் கிளினிக்குக்கு நம்பர் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.